நடுக்கடலில் ஒரு ஸ்டாப்பிங்

அத்தியாயம் 11

"நாற்பது கிலோமீட்டர்," என்றாள் குன்வோர்.

"நேத்திலேர்ந்து இதோட இருபது தடவை சொல்லிட்டீங்க அண்ணி. நீங்க சொல்லச் சொல்ல அது ஒண்ணும் நீளப் போறதில்ல," என்றான் எய்லிஃப்.

"ப்ளேன்ல பன்னெண்டு நிமிஷம்."

"அதுவும் தெரியும்."

"ரோடுல போனா வளைகுடாவை முழுசா சுத்திட்டு வரணும். நூத்தி எழுபது கிலோமீட்டர். ரெண்டேகால் மணி நேரம்."

"என் டாக்ஸியில ரெண்டு மணி. நடுவுல மான் கூட்டம் குறுக்க வந்தா ரெண்டரை. வந்த மான் படுத்துக்கிச்சுன்னா ஆண்டவன் விட்ட வழி."

வாட்சோ விமான நிலையத்துக்கு வெளியே, எய்லிஃபின் டாக்ஸியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருந்தான் என்றால் அது எய்லிஃப் மட்டும்தான். குன்வோர் காரை விட்டு இறங்குவாள், நாலு அடி நடப்பாள், திரும்பி வந்து ஏறுவாள், கதவைச் சாத்துவதற்குள் மறுபடி இறங்குவாள். ஜூலை மாதம். இந்த வடகோடியில் கோடையில் ராத்திரியே கிடையாது; சூரியன் கடைசியாக மறைந்து எட்டு வாரம் ஆகிறது. வெளிச்சம் இப்படி விடாமல் அடித்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? அதிலும் குன்வோருக்கு ஒரு கேஸ் கையில் இருந்தால் சுத்தமாக வராது.

குன்வோருக்கு ஐம்பத்து நாலு வயது. இதே விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். சின்ன நிலையம், டிக்கெட் பார்த்தவளும் அவளே, பெட்டி ஏற்றியவளும் அவளே, இறக்கையில் பனி சுரண்டியவளும் அவளே. வேலையை விட்டு, துப்பறியும் போர்டு மாட்டி ஆறு வருஷம் ஆகிறது. அதே வருஷம் புருஷனையும் விட்டாள். புருஷனின் தம்பி எய்லிஃபை மட்டும் விடவில்லை. "அண்ணனை விட்டதுக்கு நூறு காரணம் இருக்கு. உன்னை வெச்சுக்கிட்டதுக்கு ஒரே காரணம், உன்கிட்ட கார் இருக்கு," என்பாள்.

உள்ளேயிருந்து லெம்பி வந்தாள். கையில் காகிதத் தட்டில் இரண்டு வாஃபிள், மேலே புளிப்புக் க்ரீமும் ஜாமும். விமான நிலையத்தின் வாஃபிள் கடை அவளுடையது. தட்டை நீட்டினாள்.

"சாப்பிடுங்க. எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல," என்றாள்.

"ஹில்யா போன் பண்ணினாளா?" என்று கேட்டாள் குன்வோர்.

"நேத்து சாயங்காலம். 'அங்க நம்ம ப்ளேன் வருமாம்மா?'ன்னு கேட்டா. ஸ்டவாங்கருக்கு வராதுடி, மூணு ப்ளேன் மாறணும்னு சொன்னேன். போனை வெச்சுட்டா."

எய்லிஃப் கடித்த வாஃபிளைத் தட்டிலேயே வைத்தான்.

விஷயம் இவ்வளவுதான். லெம்பியும் ஸ்டெய்னாரும் பிரிந்து ஒரு வருஷம். ஏழு வயது ஹில்யா யாரிடம் வளர்வது என்று இன்று, வியாழக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு நீதிமன்றத்தில் விசாரணை. ஸ்டெய்னாருக்குத் தெற்கே, ஸ்டவாங்கரில் வேலை கிடைத்திருந்தது; மகளைக் கூட்டிக்கொண்டு போகத் துடித்தான். லெம்பியின் பக்கம்தான் காற்று அடித்துக்கொண்டிருந்தது, போன செவ்வாய்க்கிழமை வரை. செவ்வாய் காலை பத்து ஐந்துக்கு ஸ்டெய்னாரின் படகுக் கொட்டகை படகோடு சேர்ந்து எரிந்து சாம்பலானது.

மே பதினேழு தேசிய தின ஊர்வலத்தில், பாதி ஊர் பார்க்க, "நீயும் உன் கொட்டகையும் எரிஞ்சு போங்க!" என்று லெம்பி கத்தியிருந்தாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தீப்பிடித்த நேரத்தில் அவள் க்ரீம் வாங்க வேனில் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள், பார்த்தவர் யாரும் இல்லை. போலீஸ் இன்னும் கைது பண்ணவில்லை. ஆனால் கொட்டகைக்குத் தீ வைக்கிற அம்மாவிடம் பிள்ளையை எப்படி விடுவது என்று ஸ்டெய்னாரின் வக்கீல் கேட்க, விசாரணை வரை ஹில்யா ஸ்டெய்னாரின் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று எழுதி லெம்பியிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

ஸ்டெய்னாரே வைத்த தீ என்பது குன்வோரின் சந்தேகம். அவனுக்கோ இரும்புக்கோட்டை மாதிரி ஒரு சாட்சி இருந்தது. திங்கள் இரவு அவன் கிர்க்கெனெஸில் தங்கினானாம். செவ்வாய் காலை பத்தேகால் ப்ளேனில் ஏறி, பத்தரைக்கு வாட்சோவில் இறங்கினானாம். அவன் பேரில் டிக்கெட், அவன் பேரில் ஸ்கேன், அவன் சீட்டில் ஆள். பத்து ஐந்துக்கு இங்கே தீக்குச்சி உரசிவிட்டு, பத்தேகாலுக்கு நாற்பது கிலோமீட்டர் கடலுக்கு அந்தப் பக்கம் ஏறிக்கொள்ள முடியுமா? முடியாது.

"அவன் சீட்டுல வேற யாரோ வந்தாங்க," என்றாள் குன்வோர்.

"யாருன்னும் தெரியும். அவனோட பெரியப்பா பையன் கோரே. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடி, ஒரே திருட்டு முழி," என்றான் எய்லிஃப். "திங்கக்கிழமை கோரேயோட கார்லதான் ரெண்டு பேரும் அங்க போனாங்க. ராத்திரியே ஸ்டெய்னார் அதே கார்ல திரும்பியிருப்பான். ஆனா எப்படி நிரூபிக்கறது? கிர்க்கெனெஸ் கேட்ல நிக்கறது லீவுல போனவனுக்குப் பதிலா தெற்கேர்ந்து வந்த ஆளு. அவனுக்கு இவன் மூஞ்சியும் தெரியாது, என் மூஞ்சியும் தெரியாது. போன்ல இருக்கற டிக்கெட் பீப்னு கத்துச்சா, போ உள்ள."

"ப்ளேன்ல அன்னிக்கு ஏழு பேர். நாலு பேர் மீன் பிடிக்க வந்த வெளியூர்க்காரங்க, கடலுக்குப் போயிட்டாங்க. போன் எடுக்கல. அவன் சீட்டு போக, ஒருத்தர் யாருன்னே தெரியல. மிச்சம் கைக்குழந்தையோட வந்த ரிஸ்தீன். அக்கா வீட்ல தங்கியிருக்கா. நட."

"கார்ல போலாமே அண்ணி, கார்னாலதான என்னை வெச்சிருக்கீங்க?"

*

ரிஸ்தீன் கடலை விட்டுத் தள்ளி, உள்நாட்டு ஊரான கராஸ்யோக்கிலிருந்து வந்திருந்தாள். அக்கா வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து, குழந்தை வண்டியைக் காலால் ஆட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். வெயிலுக்குக் குழந்தையும் தூங்குவதில்லை போலும்.

குன்வோர் ஸ்டெய்னாரின் போட்டோவைக் காட்டினாள்.

"தொப்பியைக் கண்ணு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு ஒருத்தர் பின்னால உட்கார்ந்திருந்தார். தாடி இருந்துச்சு. இவராவும் இருக்கலாம். சத்தியம் பண்ணச் சொன்னா மாட்டேன்," என்றாள் ரிஸ்தீன்.

"பேசினாரா?"

"எனக்கெங்க தெரியும்? ஏறின உடனே இவளுக்குப் பால் குடுத்தேன். அவ தூங்கறதுக்கு முன்னாடி நான் தூங்கிட்டேன். மூணு வாரத்துல அதான் நான் தூங்கின நல்ல தூக்கம்."

"பன்னெண்டு நிமிஷத் தூக்கம்," என்றான் எய்லிஃப். "கோழித் தூக்கம்கூட அதைவிட நீளம்."

"அவ்வளவுதானா? ரொம்ப நேரம் தூங்கின மாதிரி இருந்துச்சே." ரிஸ்தீன் வண்டியின் ஓரப் பையில் கைவிட்டு, தங்க நிறக் காகிதம் சுற்றிய சாக்லேட் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். "எடுத்துக்குங்க. ப்ளேன்ல குடுத்தது. எனக்கு இப்ப சாக்லேட் ஆகாது, குழந்தைக்கு வயிறு வலிக்குது. ரெண்டு இருக்கு, இந்தாங்க, நீங்களும்."

குன்வோரின் கை பாதியில் நின்றது.

"ரெண்டா?"

"ஆமா."

"குழந்தைக்கும் சேத்து ஒண்ணு குடுத்தாங்களா?"

"இல்லையே. எல்லாருக்கும்தான் ரெண்டு வாட்டி குடுத்தாங்க. முதல்ல ஒண்ணு. அப்பறம் நடுவுல நின்னுட்டுக் கிளம்பினப்ப இன்னொண்ணு."

"நடுவுல நின்னுதா?"

"நிக்குமே. எங்க பக்கம் ப்ளேனெல்லாம் பஸ் மாதிரிதான, ஊருக்கு ஊரு இறங்கி ஆள் ஏத்திட்டுப் போகும். நான் அரைத் தூக்கத்துல இருந்தேன். சக்கரம் தரையில தட்டின சத்தம் கேட்டுச்சு. யாரோ ஏறினாங்க. மறுபடி கிளம்பிச்சு. ஏன், என்ன?"

குன்வோர் எழுந்துவிட்டாள். படியில் இறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள்.

"எய்லிஃப், கிர்க்கெனெஸுக்கும் வாட்சோவுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"கடல்."

"கடலைத் தவிர?"

"மீன்."

"அப்ப அந்த ப்ளேன் எங்க நின்னுச்சு?"

எய்லிஃப் வாயில் போட்ட சாக்லேட்டை மெல்ல மறந்து நின்றான். நாற்பது கிலோமீட்டர் பச்சைத் தண்ணீர். ஒரு தீவு கிடையாது, ஒரு திட்டு கிடையாது. நடுக்கடலில் எந்த ஸ்டாப்பிங்?

"திரும்பிப் போயிருக்கு," என்றாள் குன்வோர். "கிளம்பி, பாதி தூரம் வந்து, திரும்பி அதே கிர்க்கெனெஸ்லயே இறங்கியிருக்கு. மறுபடி கிளம்பி வந்திருக்கு."

"அப்படின்னா லேட்டா வந்திருக்கணுமே? சரியா பத்து இருபத்தேழுக்கு இறங்கிச்சு. பேப்பர்ல அப்படித்தான் இருக்கு."

"சரியா இறங்கினதுதான் விஷயம். சீக்கிரம் கிளம்பியிருந்தா?"

அதை அவன் யோசித்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் பிறந்த யாரும் யோசித்திருக்க வேண்டும். கால அட்டவணை என்பது இங்கே ஒரு மரியாதைக்கு அச்சடிப்பது. பட்டியலில் இருக்கிற எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டால் பைலட் எதற்காகக் காத்திருப்பார்? கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். குன்வோரே இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் கொடியசைத்து அனுப்பியவள்.

"மணி என்ன?"

"பத்து அம்பது."

"அன்னிக்கு அந்த ப்ளேன்ல பணியாளா வந்த ப்யார்தெ இன்னிக்கு பதினொண்ணு இருபது ப்ளேன்ல வரான். பத்து நிமிஷம் நிப்பான். ஓட்டு!"

*

ப்யார்தெ நல்ல பையன். இருபத்தெட்டு வயது, சலவை கலையாத சட்டை. குன்வோரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்கி வந்தான். அவள் கேட்ட முதல் கேள்வியிலேயே அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"செவ்வாக்கிழமை எத்தனை தலை எண்ணினே ப்யார்தெ?"

"ஏழு. பட்டியல்லயும் ஏழு."

"கைக்குழந்தையைச் சேத்தா?"

அவன் முகம் தக்காளிப் பழம் மாதிரி சிவந்தது. சுற்றிலும் பார்த்தான். என்ஜின் ஓரத்தில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவனைத் தவிர யாரும் இல்லை.

"சத்தமா சொல்லாதீங்க," என்றான். "மடியில இருக்கற குழந்தை பட்டியல்ல வராது. அது எனக்குத் தெரியாதா? ராத்திரி பூரா தூங்கல, சூரியன் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஏழு தலை தெரிஞ்சுது, ஏழுன்னு சொல்லிட்டேன். ஒம்பது அம்பத்திரண்டுக்கே கிளம்பிட்டோம். பாதி கடல் தாண்டறப்ப கிர்க்கெனெஸ்லேர்ந்து ரேடியோ. 'உங்க பயணி ஒருத்தங்க இங்க டாய்லெட்லேர்ந்து வெளிய வந்து, ப்ளேன் எங்கன்னு கேக்கறாங்க'ன்னு."

எய்லிஃப் வாயைப் பொத்திக்கொண்டான். பொத்தியும் பிரயோஜனம் இல்லை, தோள் குலுங்கியது.

"சிரிங்க, சிரிங்க. வேலை போச்சுன்னே நினைச்சேன். திரும்பிப் போய் ஏத்திக்கிட்டோம். பத்து பதினாலுக்கு மறுபடி கிளம்பினோம். பேப்பர்ல அந்தப் பத்து பதினாலுதான் இருக்கு. அந்தம்மா ரொம்ப நல்லவங்க. 'புகார் எழுத மாட்டேன், ரிப்போர்ட்டும் வேணாம், இந்தச் சின்ன விஷயத்துக்கு யார் வேலையும் போக வேணாம்'னு சொன்னாங்க. நாங்களும் யாருக்கும் சொல்ல மாட்டோம்னு வாக்குக் குடுத்தோம்."

"யார் அந்தம்மா?"

"அதான் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தேனே."

"ப்யார்தெ, ஒரு தாய்கிட்டேர்ந்து பிள்ளையைப் பிரிக்கப் போறாங்க. ஒரு மணிக்கு. உள்ள வாஃபிள் சுடறாளே லெம்பி, அவகிட்டேர்ந்து."

ப்யார்தெ கண்ணாடிக் கதவு வழியே உள்ளே பார்த்தான். லெம்பி காலி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். அவனுக்கும் வலித்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் தலையை ஆட்டினான்.

"என்னால கோர்ட்டுக்கு வர முடியாது. இன்னும் ஆறு நிமிஷத்துல நான் மேல இருக்கணும். பேரும் சொல்ல முடியாது. வேலை போனா பைலட்டுக்கும் சேந்து போகும், அவருக்கு ரெண்டு பிள்ளைங்க. வேற எதாவது கேளுங்க."

குன்வோர் கேள்வியை மாற்றினாள்.

"சரி. ஏறின உடனே அந்தம்மா என்ன பண்ணினாங்க?"

"என்ன பண்ணுவாங்க? எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டாங்க."

"பொதுவாவா, ஒவ்வொருத்தர்கிட்டயுமா?"

"ஒவ்வொரு சீட்டாப் போய், கை குலுக்கி. தூங்கிட்டிருந்த குழந்தைக்காரியை மட்டும் எழுப்பல. ஏன்?"

"ஒண்ணுமில்ல. போ, உன் ப்ளேன் உன்னை விட்டுட்டுக் கிளம்பிடப் போகுது."

ப்ளேன் எழும்பியது. எய்லிஃபுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

"வந்த சாட்சியும் பறந்து போச்சு. கையில இருந்தது ரெண்டு சாக்லேட்டு. அதுல ஒண்ணை நான் தின்னுட்டேன்," என்றான். "அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. வழி இருக்கா?"

"தெரியல," என்றாள் குன்வோர். அவள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதே இல்லை.

*

நீதிமன்றத்தின் சின்ன அறை. மேஜைக்கு ஒரு பக்கம் லெம்பியும் அவள் வக்கீல் ரூனாவும். மறுபக்கம் ஸ்டெய்னார், புதுச் சட்டை, சீவிய தாடி, பக்கத்தில் அவன் வக்கீல். பின்வரிசையில் எய்லிஃப், குன்வோர். கதவோரம் ஒரு நாற்காலியில் கோரே உட்கார்ந்திருந்தான். ஸ்டெய்னாரைக் காரில் கொண்டுவந்து விட்டவன், போகாமல் தங்கிவிட்டான். பக்கத்தில் போலீஸ்காரர் ஒருவர், கொட்டகைக் கேஸுக்காக வந்தவர்.

குன்வோரின் முழங்கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலியே கிரீச்சிட்டது.

"பூமி நடுங்குதுன்னு எல்லாரும் வெளிய ஓடிடப் போறாங்க அண்ணி," என்று கிசுகிசுத்தான் எய்லிஃப். ஜோக் அவனுக்கே பிடிக்கவில்லை.

நீதிபதி வந்தார். விக்டிஸ் ஓஸ்ஹைம். இந்த ஊர் நீதிபதி ஜூலை விடுமுறையில் போயிருக்க, அவருக்குப் பதிலாகத் தெற்கேயிருந்து வந்தவர். அறுபது வயதிருக்கும், நரைத்த குட்டை முடி. லெம்பிக்குக் கை கொடுத்து, "விக்டிஸ்," என்றார். ஸ்டெய்னாருக்கும் கை கொடுத்து, "விக்டிஸ்," என்றார். அவன் எழுந்து நின்று, பணிவாகத் தன் பேரைச் சொன்னான். பிறகு நீதிபதி தன் இடத்துக்குப் போகும்போது கதவுப் பக்கம் பார்த்தார். தெரிந்தவரைக் கண்டால் ஆட்டுகிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினார்.

ஆட்டியது கோரேயைப் பார்த்து.

கோரே சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். அவன் போட்டிருந்த ஷூவில் கயிறே இல்லை.

எய்லிஃப் அதைப் பார்த்துவிட்டு, இதென்ன கூத்து என்று குன்வோரிடம் திரும்பினான். குன்வோரின் கால் ஆட்டம் நின்றிருந்தது. பையில் துழாவி, டாக்ஸி ரசீது ஒன்றை எடுத்து, பின்னால் ஏதோ கிறுக்கி ரூனாவிடம் நீட்டினாள். ரூனா படித்தாள், புருவம் உயர்ந்தது.

விசாரணை வழக்கம்போலத் தொடங்கியது. ஸ்டெய்னாரின் வக்கீல் அரை மணி நேரம் பேசினார். நெருப்பு, கோபம், மே பதினேழு, மனநிலை, குழந்தையின் பாதுகாப்பு. ஒவ்வொரு வார்த்தைக்கும் லெம்பி சிறுத்துக்கொண்டே போனாள். ரூனாவின் முறை வந்தது.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான்," என்றாள் ரூனா. "ஸ்டெய்னார், செவ்வாக்கிழமை நீங்க கிர்க்கெனெஸ்லேர்ந்து வந்த பயணத்தைக் கொஞ்சம் சொல்லுங்களேன். ஏறினதுலேர்ந்து இறங்கின வரைக்கும்."

ஸ்டெய்னார் சிரித்தான். "அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? இதுவரைக்கும் முந்நூறு தடவை வந்திருப்பேன்."

"பரவால்ல, சொல்லுங்க. நாங்க யாரும் அந்த ப்ளேன்ல இல்லையே."

நீதிபதியின் பேனா காகிதத்தின் மேல் நின்றது.

"ஏறி உட்கார்ந்தேன். பெல்ட் போட்டேன். பத்தேகாலுக்குக் கிளம்பிச்சு. பெல்ட் விளக்கு அணையவே அணையாது, அதுக்கு நேரம் ஏது? ஒரு சாக்லேட் குடுத்தாங்க. பேப்பரைப் பிரிச்சு வாயில போடறதுக்குள்ள வாட்சோ வந்துடுச்சு. பன்னெண்டு நிமிஷம். அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் நடக்கலையா?"

"அந்தப் பன்னெண்டு நிமிஷத்துல என்னம்மா நடக்கும்?"

"ஒரு நிமிஷம்," என்றார் நீதிபதி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நானும் ஒண்ணு கேட்டுக்கறேன். வழியில எங்கயும் நிக்கலையா?"

ஸ்டெய்னார் பொறுமையாக, வெளியூர்க்காரிக்கு விளக்குகிற மாதிரி சொன்னான்: "நடுவுல ஒண்ணுமே கிடையாதுங்க. வெறும் கடல். எங்க நிக்கும்?"

நீதிபதி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கூரை மேல் கடற்காக்கைகள் கத்தின. எய்லிஃபுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் குன்வோரின் கையைப் பிடித்தான். டாய்லெட்டிலிருந்து வெளியே வந்து ப்ளேன் எங்கே என்று கேட்ட அந்த நல்லவர் யார் என்று ப்யார்தெ சொல்லவில்லை. இனி சொல்லவும் தேவையில்லை.

நீதிபதி பேனாவை மூடி வைத்தார்.

"இந்த நிமிஷத்திலேர்ந்து இந்த வழக்குக்கு நான் நீதிபதி இல்ல," என்றார். "விலகிக்கறேன். ஏன்னா நான் இதுல சாட்சி."

ஸ்டெய்னாரின் வக்கீல் எழுந்தார். "என்ன சாட்சி?"

"செவ்வாக்கிழமை அந்த ப்ளேன் ரெண்டு தடவை கிளம்பிச்சு. பாதி கடல்லேர்ந்து திரும்பி வந்துச்சு. எனக்காக. நான் எங்க இருந்தேன்னு கேக்காதீங்க, என் வயசுக்கு அது கௌரவமான இடம் இல்ல." சொல்லும்போது அவர் காது சிவந்தது. "அதுல உட்கார்ந்திருந்த யாரும் அதை மறக்க மாட்டாங்க. கை தட்டி என்னை ஏத்திக்கிட்டாங்க. எனக்கு வெக்கம் புடுங்கித் தின்னுச்சு. ஒவ்வொருத்தரா போய்க் கை குடுத்து மன்னிப்புக் கேட்டேன். நாம கை குடுத்தா என்ன பண்ணுவோம்? பேரைச் சொல்லுவோம். நான் என் பேரைச் சொன்னேன். அவங்க அவங்க பேரைச் சொன்னாங்க. நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடி நமக்குக் கத்துக்குடுக்கறது அதைத்தான்."

அவர் ஸ்டெய்னாரைப் பார்த்தார்.

"உங்களுக்கு நான் இன்னிக்குத்தான் முதல் தடவையா கை குடுக்கறேன். அன்னிக்குப் பின்வரிசையில தாடியோட இருந்தவர் தொப்பியைக் கழட்டி, எழுந்து நின்னு, ரொம்ப மரியாதையா 'கோரே'ன்னார். அதோ, கதவுப் பக்கம் உட்கார்ந்திருக்கார். வரும்போதுகூட நான் தலையாட்டினேனே, ஞாபகம் இருக்கா கோரே?"

எல்லாத் தலையும் திரும்பியது. கோரே எழுந்தான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டு, ஸ்டெய்னாரைப் பார்த்துப் பரிதாபமாகச் சொன்னான்:

"பெரியவங்க கையை நீட்டறாங்கடா. பேரைச் சொல்லாம எப்படி?"

ஸ்டெய்னார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"வாயைத் திறக்காம உட்கார்ந்து வாடான்னு ஒரே ஒரு வேலைதானடா சொன்னேன் உன்கிட்ட!"

கத்திய பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு நினைவு வந்தது. வாய் திறந்தபடியே நின்றது. அவன் வக்கீல் மெதுவாகத் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். கதவோரத்துப் போலீஸ்காரர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஸ்டெய்னார், கொஞ்சம் வெளிய வரீங்களா? கோரே, நீங்களும்," என்றார்.

லெம்பி அவனைப் பார்த்தாள். எட்டு வருஷம் கூட வாழ்ந்தவன். சொந்தப் படகைத் தானே எரித்து, அந்தச் சாம்பலை அவள் தலையில் கொட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தவன். திட்டுவாள் என்று எய்லிஃப் எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. நீதிபதியிடம் திரும்பினாள்.

"அப்ப என் பொண்ணு?" என்றாள். "அடுத்த நீதிபதி எப்ப வருவார்? அது வரைக்கும் அவ அங்கதான் இருக்கணுமா?"

விக்டிஸ் ஓஸ்ஹைம் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் இப்ப எந்த உத்தரவும் போட முடியாதும்மா. விலகிட்டேன், அதிகாரம் இல்ல." சொல்லிவிட்டு எதிரே இருந்த கோப்பைப் பிரித்து, ஒரு காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். "ஆனா எழுதியிருக்கறதைப் படிச்சுக் காட்ட யாருக்கும் அதிகாரம் வேணாம். 'வியாழக்கிழமை மதியம் ஒரு மணி வரை குழந்தை தந்தையின் தாயார் வீட்டில் இருக்கும்.' நீங்க போட்ட கையெழுத்து அவ்வளவுதான்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி இப்ப ஒண்ணே முக்கால்."

லெம்பிக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. பிறகு எழுந்தாள். கோட்டை எடுக்கவில்லை, பையை எடுக்கவில்லை. ரூனா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கதவைத் தாண்டிவிட்டாள். படியில் அவள் காலடிச் சத்தம் தடதடவென்று கேட்டது.

"லெம்பி! கார் இருக்கு, நில்லு!" எய்லிஃப் சாவியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான்.

அவள் காதில் எதுவும் விழவில்லை. வாஃபிள் மாவு படிந்த கவுனோடு, தலைமுடி பறக்க, நடுரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். எய்லிஃப் காரை எடுத்து, பின்கதவைத் திறந்து வைத்தபடியே அவளுக்குப் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். "ஏறும்மா, ஏறு," என்று கெஞ்சிப் பார்த்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் வந்த இரண்டு கார்களும் ஹார்ன் அடிக்காமல் ஊர்ந்தன.

ஸ்டெய்னாரின் அம்மா வீடு தெருக் கோடியில் இருந்தது. வேலிக்குள் ஒரு சின்னப் பெண் தனியாகப் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள். ஓடி வரும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பந்து ரோட்டுக்கு உருண்டு வந்தது, எய்லிஃப் காரை நிறுத்தினான்.